பழைய கேபிளைப் புதுப் பெட்டியில் செருகிய ஞாயிற்றுக்கிழமை

“…நம்பாமலா உங்களையே திருப்பிக் கூப்பிட்டேன்? நம்புதேன் அண்ணாச்சி. ஆனா செத்த பொறுங்க” என்றாள் செல்வராணி.

என் விரல் அப்போது கம்ப்யூட்டரின் சுவிட்ச் மேலே இருந்தது. அமுக்கப் போனவன் அப்படியே நிறுத்திக்கொண்டேன். அவள் அடுத்து ஒரு காரியம் செய்தாள். அரை நிமிஷ வேலைதான். இருபத்தாறு வருஷம் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் கழற்றி மாட்டியவன் நான். எனக்குத் தோன்றாத காரியம் அது. புதுசாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் ‘இதென்ன பெரிய விஷயம்’ என்று போய்விடுவீர்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் பண்ணிவைத்த கூத்தைத் தெரிந்துகொண்டால்தான் அதன் அருமை விளங்கும்.

செல்வராணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் வீடு. கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பாள். எடுத்ததை வெட்டிக் கோத்து, பாட்டு சேர்த்துக் கொடுப்பாள். பேச்சில் சூரிக்கத்தி. “எங்க வேலையில ரெண்டாவது தடவைங்கிறது கிடையாது அண்ணாச்சி. மாப்பிள்ளையைப் பாத்து, ‘செத்த கழத்திட்டு இன்னொரு தடவை கட்டுங்க’ன்னா நாதஸ்வரக்காரரே அடிக்க வருவாரு” என்பாள். அவளுடைய கம்ப்யூட்டரை அஞ்சு வருஷத்துக்கு முன்னால் நான்தான் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தேன். பக்கவாட்டில் கண்ணாடி வைத்த பெட்டி. உள்ளே வயர் எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சடை பின்னுகிற மாதிரி நேராக இழுத்துப் பின்னிக் கட்டியிருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள் டி.வி.யைக் காட்டமாட்டாள், அந்தக் கண்ணாடியைத்தான் காட்டுவாள். “எங்க அண்ணாச்சி கட்டு” என்பாள். எனக்கும் அதில் ஒரு மிதப்பு உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

அந்த வருஷம் தை, மாசி முகூர்த்தத்தில் வேலை குவிந்துவிட்டது. புதுக் கேமராவின் படங்கள் கனமானவை. பழைய மிஷின் அவற்றைத் தூக்க முடியாமல் முக்கியது. ஒரு பாட்டைக் கோத்து முடிக்க ஒரு பகல் போனது. அதில் ஒரு கல்யாணத்துக்கு மட்டும் கெடு இருந்தது. மகாராஜபுரத்துக் கல்யாணம். மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறான். லீவில் வந்து தாலி கட்டி, லீவு முடிந்து போய்விட்டான். அவன் போன கொஞ்ச நாளில் அவனுடைய அப்பாவுக்கு வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நடமாட்டம் மெல்ல வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

அந்த மனிதர் கல்யாணத்தில் என்னமாய்ப் பேசினாராம். பந்தி பூராவும் அவர் சத்தம்தானாம். அவருடைய வீட்டம்மா செல்வராணிக்குப் போன் போட்டு, “அவிய பேசுனதை அவியளே ஒரு தடவை கேக்கட்டும் தாயி. அடுத்த வெள்ளிக்கிழமை மகனும் வாரான். அவனும் கூட இருந்து கேக்கட்டும்” என்றிருக்கிறார்கள். செல்வராணி வாக்குக் கொடுத்துவிட்டாள். வாக்குக் கொடுத்த கையோடு எனக்குப் போன் போட்டாள். “அண்ணாச்சி, பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டுத் தாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் முடிக்கணும்.”

படத்தைக் கோக்கிற வேலையில் பாதியைச் சுமப்பது அந்தக் கார்டுதான். நல்ல கார்டாகவே பார்த்தேன். ஆனால் அது தின்கிற கரண்டுக்குப் பழைய பவர் சப்ளை பத்தாது. “ராஜபாளையம் நாயைக் கொண்டாந்து கட்டிட்டு, பூனைக்கு வைக்கிற கிண்ணத்துல சோறு வைக்க முடியாதும்மா. பவர் சப்ளையும் மாத்தணும்” என்றேன். “மாத்துங்க. ஆனா உங்க கட்டைக் கலைச்சுராதிய” என்றாள்.

அவள் சொன்னது ஒரு காரணம். என் மிதப்பு இன்னொரு காரணம். இரண்டும் சேர்ந்துதான் கெடுத்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். பழைய காலத்தில் பவர் சப்ளைப் பெட்டியோடு வயர்கள் ஒட்டியே இருக்கும். பெட்டியைத் தூக்கினால் குடல் மாதிரி எல்லாம் கூடவே வரும். அப்போது இந்தத் தப்பைச் செய்ய நினைத்தாலும் செய்ய முடியாது. பிறகு கழற்றி மாட்டுகிற கேபிள் வந்தது. ஒரு முனை படங்கள் சேமிக்கிற டிஸ்கிலோ கார்டிலோ மாட்டும், மறு முனை பெட்டியில் மாட்டும். டிஸ்க் பக்கத்து முனை உலகம் பூராவும் ஒன்றுதான். பெட்டிப் பக்கத்து முனைதான் சனியன். எந்த ஓட்டையில் எந்தக் கரண்டு வரும் என்பது ஒவ்வொரு கம்பெனிக்காரனும் அவனவன் இஷ்டத்துக்கு வைத்தது. ஆனால் பிளக் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், செருகினால் போய் உட்காரும். ஒரே நிறத்தில் ரெண்டு பஸ் நின்றால் ரெண்டிலும் ஏறலாம். போர்டைப் பார்க்காமல் ஏறினவன் தென்காசிக்குப் பதிலாகச் சங்கரன்கோவிலில் இறங்குவான்.

எனக்கு இது தெரியாதா? தெரியும். கடைக்கு வருகிறவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். கார்டுக்குப் போகிற கேபிளும், மதர்போர்டுக்குப் போகிற தடிமனான கேபிளும் புதுப் பெட்டியோடு வந்ததைத்தான் போட்டேன். கார்டுக்கு ரெண்டு தனிக் கேபிளாகப் போட்டேன். ஒரே கேபிளில் ரெண்டு தலை தொங்குகிறதை நம்பவில்லை. அந்த அளவுக்கு ஜாக்கிரதை. டிஸ்குக்குப் போகிற கேபிள் மட்டும் போர்டுக்குப் பின்னால் சுற்றிப் போகும். அதை நான் பதின்மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தேன். அதை உருவ வேண்டுமென்றால் என் கட்டு பூராவையும் வெட்ட வேண்டும்.

பழைய முனையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆறு கால். புதுப் பெட்டியிலும் ஆறு ஓட்டை. செருகினேன். டக்கென்று உட்கார்ந்தது. உட்கார்ந்த சத்தம் கேட்டதும் மனசும் உட்கார்ந்துவிட்டது.

சுவிட்சைப் போட்டேன். காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. கருகல் நெடி ஒன்று மெல்ல வந்தது.

இந்த இடத்தில் கை என்ன செய்யும் தெரியுமா? தானாகவே மறுபடி சுவிட்சுக்குப் போகும். ‘ஒரு தடவை பார்ப்போமே’ என்கிற ஆசைதான். எனக்கும் போனது. கடை போடுவதற்கு முன்னால் ஒரு நூல் மில்லில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். அங்கே இருந்த எலக்ட்ரீஷியன் ஒருத்தர் யாரிடமும் அதிகம் பேசமாட்டார். ஆனால் எந்த மோட்டார் பக்கம் போனாலும் ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டே போவார். “கருகல் வந்தா கையை எடு. காரணத்தைப் பொறவு தேடு.” அன்றைக்கு என் கையை நிறுத்தியது அதுதான். பிளக்கைச் சுவரிலிருந்தே உருவினேன்.

டிஸ்குக்குப் போகிற கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டேன். மிஷின் பளிச்சென்று வந்தது. புதுக் கார்டு விளக்கு எரிந்தது. விண்டோஸ் இருந்தது வேறு சின்ன அட்டையில், அது போர்டிலேயே மாட்டியது, தப்பித்துவிட்டது. எல்லாம் சரி. மிச்சம் படங்கள் இருந்த பெரிய டிஸ்க் மட்டும்தான். அதன் அடியில் இருக்கிற பச்சைப் பலகையை மோந்து பார்த்தேன். நெடி அங்கேதான்.

உள்ளேயிருந்து செல்வராணி காபியோடு வந்தாள். கண்ணாடிக்குள் புதுக் கார்டு விளக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “ஏ அப்பா, கோயில் மாதிரி இருக்கே! ஓடுதா அண்ணாச்சி?”

“மிஷின் ஓடுது. டிஸ்க் எடுக்கலைம்மா” என்றேன்.

நம் தொழிலில் எல்லாமே தானாக நடக்கும், கவனித்திருக்கிறீர்களா? டிஸ்க் எடுக்கவில்லை, போர்டு போயிருச்சு, விண்டோஸ் அடிவாங்கிருச்சு. எவன் கைபட்டு என்பது மட்டும் வெளியே வராது.

“எடுக்கலைன்னா?”

“ஓடமாட்டேங்குது.”

“காலையில ஓடுச்சே. நீங்க வாரதுக்கு முந்தி நாந்தானே ஆஃப் பண்ணுனேன்.” காபியைக் கீழே வைத்தாள். பிறகு அவளே சொன்னாள்: “அஞ்சு வருஷம் ஆச்சுல்லா. வயசாயி நின்னுருச்சோ?”

கதவை அவளே திறந்துவிட்டாள். நான் செய்ய வேண்டியது தலையை ஆட்டுவது மட்டும்தான். ஊரில் ஒருத்தனும் சந்தேகப்படமாட்டான். டிஸ்குக்கு வயசாகும், சாகும். எத்தனையோ செத்திருக்கிறது. உள்ளே என்ன நடந்தது என்பது நம்மிடம் மிஷினைக் கொடுக்கிறவர்களுக்குத் தெரியாது. நம் தொழிலின் வசதியும் அதுதான், நம் தொழிலில் சேருகிற பாவமும் அதுதான்.

அந்தக் காபி ஆறுகிற நேரம் நான் யோசித்தேன். யோசிக்கவே இல்லை, உடனே உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு என்னைப் பிடிக்கும். ஆனால் உங்களுக்கு அதனால் உபயோகம் இல்லை. யோசித்தேன். கண் எதிரே அந்தக் கட்டு தெரிந்தது. பதின்மூன்று முடிச்சு. அஞ்சு வருஷமாக ‘எங்க அண்ணாச்சி கட்டு’ என்று அவள் ஊருக்குக் காட்டிய கட்டு.

“இல்லம்மா. வயசாகலை. நான்தான் கொன்னேன்” என்றேன். “பழைய பெட்டியோட கேபிளைப் புதுப் பெட்டியில சொருகிட்டேன். ரெண்டும் வேற வேற. அஞ்சு வோல்ட் போக வேண்டிய எடத்துல பன்னெண்டு போயிருக்கும்.”

அவள் தரையில் உட்கார்ந்தாள். “அதுலதான் மகாராஜபுரம் இருக்கு” என்றாள்.

“வேற எங்கயும் வைக்கலையா?”

“கேமரா கார்டுல இருந்துச்சு. அடுத்த முகூர்த்தத்துக்குக் கார்டு வேணும்னு அழிச்சுட்டேன்.”

அவள் வீட்டுக்காரர் போலீசில் ஏட்டு. அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். நாங்கள் ரெண்டு பேரும் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வாசல்படியில் நின்று, “என்ன அண்ணாச்சி, ரெண்டு பேரும் எழவு விழுந்த துட்டி வீடு மாதிரி உக்காந்திருக்கிய? கேஸ் எதும் எழுதணுமா?” என்றார். வேடிக்கைக்குத்தான் கேட்டார்.

செல்வராணி அவரைப் பார்க்காமலே சொன்னாள்: “எழுதுனா ரெண்டு பேர் மேலயும் எழுதணும். அண்ணாச்சி ஒரு கேபிளை நம்புனாவ. நான் ஒரே ஒரு டிஸ்கை நம்புனேன்.”

அவள் எத்தனையோ வார்த்தை பேசி நான் கேட்டிருக்கிறேன். இந்த வார்த்தையைத்தான் நான் இன்னமும் நினைத்துக்கொள்கிறேன். பழியில் பாதியை யாரும் கேட்காமலே எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். மகாராஜபுரத்து வீட்டுக்கு அவளே போன் போட்டு, கொஞ்சம் கோளாறு, வெள்ளிக்கிழமைக்குள் பார்க்கிறேன் என்று சொன்னாள். என் பேரை எடுக்கவில்லை.

ராஜபாளையத்தில் செல்போன் பலகைகளை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்துச் சரிபார்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள். என் மகளைவிடச் சின்னவள். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். அரிசியில் கால்வாசி இருக்கிற சாமான்களைக்கூட எடுத்து வைக்கிற கை அவளுக்கு. அவளிடம் போகலாம் என்றேன். மறுநாள் காலையில் செல்வராணி ஸ்கூட்டியை எடுத்தாள். டிஸ்கை ஒரு துணியில் சுற்றி, வீட்டில் இருந்த காலிப் பால்கோவா டப்பாவில் வைத்து மூடிக் கொடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்து டப்பாவை மடியில் பிடித்துக்கொண்டேன். தோளில் ஒரு பை. அதில் புதுப் பவர் சப்ளையும், பழைய பெட்டியோடு வந்து மாட்டாமல் கிடந்த அதே மாதிரிக் கேபிள் ஒன்றும். கட்டுக்குள் இருந்ததை இன்னும் உருவவில்லை.

ஒவ்வொரு வேகத்தடைக்கும், “மெதுவாம்மா” என்றேன்.

“பிள்ளைத்தாச்சியை ஏத்திட்டுப் போற மாதிரி போறேன் அண்ணாச்சி. இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி சாஞ்சுரும்.”

கடையில் டப்பாவை நீட்டியதும் அந்தப் பெண், “ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து பால்கோவாவா அண்ணாச்சி? எதுக்கு இதெல்லாம்” என்று சிரித்துக்கொண்டே திறந்தாள். உள்ளே பார்த்ததும் சிரிப்பு நின்றது. “என்ன ஆச்சு?”

“ஓடலை” என்றேன். பழக்க தோஷம், மறுபடியும் அதே பேச்சு.

“ஓடலைன்னு எனக்கும் தெரியும், ஓடுனா டப்பாவுல வருமா? கீழ விழுந்துச்சா, தண்ணி பட்டுச்சா, தானா நின்னுச்சா? செத்தவன் பேரு எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. எப்படிச் செத்தான்னு சொல்லுங்க.”

ரெண்டாவது தடவையாகச் சொன்னேன். முதல் தடவையைவிட இது கஷ்டம், பிள்ளைகளே. முதலில் கேட்டவளுக்கு இந்தத் தொழில் தெரியாது. இவள் நம் ஆள். இருபத்தாறு வருஷம் கடை நடத்தினவன், நேற்றுக் கடை போட்ட பெண்ணிடம், பார்க்காமல் செருகிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். பையிலிருந்து பெட்டியையும் கேபிளையும் எடுத்து வைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. பெட்டியில் கேபிளைச் செருகினாள், டிஸ்க் பக்கத்து முனையில் மீட்டரை வைத்து ஒவ்வொரு காலாகப் பார்த்தாள். “இந்தா, அஞ்சு வர வேண்டிய எடத்துல பன்னெண்டு வருது. நல்லது.”

“இதுல என்னம்மா நல்லது?” செல்வராணிக்குக் கோபமே வந்துவிட்டது.

“அக்கா, வயசாயி நின்னுச்சுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் தொட்டே இருக்கமாட்டேன். அதெல்லாம் உள்ள மூடியைத் திறந்து பாக்குற வேலை, எங்கிட்ட ஆகாது. வெளியூருக்கு அனுப்புங்கன்னு திருப்பிக் குடுத்திருப்பேன். இல்லைன்னா வேற எவனாவது கரண்டைக் குடுத்துக் குடுத்துப் பாத்திருப்பான், மொத்தமும் போயிருக்கும். அளவுக்கு மிஞ்சி கரண்டு வந்தா உள்ள விடாம மறிக்கிறதுக்குன்னு இந்தப் பலகையில ஒருத்தன் இருக்கான். வாசல் காவக்காரன். அவன் மட்டும்தான் செத்திருக்கான்னா நமக்கு அதிர்ஷ்டம்.”

பலகையைக் கழற்றி மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். “ரா தல்லி, ரா” என்று பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி தெலுங்கில் முனகிக்கொண்டே சூட்டைக் காட்டினாள். மிளகில் பாதி இருக்கிற ஒரு கருப்புச் சாமான் இடுக்கியில் வந்தது. “இந்தா அண்ணாச்சி, உங்க காவக்காரன். செத்து வாசலை அடைச்சுக் கிடந்தான், வீட்டைக் காப்பாத்திட்டான்.”

பலகையைத் திருப்பி மாட்டி, ஒரு சின்ன அடாப்டர் வழியாக அவளுடைய லேப்டாப்பில் இணைத்தாள். டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு இத்தனை வருஷம் ஒரு சத்தமாகவே இருந்ததில்லை. செல்வராணி கை நீட்டி மகாராஜபுரம் ஃபோல்டரில் ஏதோ ஒன்றைத் திறந்தாள். திரையில் பந்தி. இலை, அண்டா, தலைப்பாகை கட்டிய ஒரு பெரிய மனிதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“ஏலே, அந்தக் கடைசி வரிசைக்கு ரசம் போகலை பாரு! என் மூஞ்சியில என்னலே படமா ஓடுது? நட!”

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு முடிந்ததும், “இவியதான் மாப்பிள்ளைக்கு அப்பா” என்றாள் செல்வராணி.

அந்தப் பெண் லேப்டாப்பை மூடினாள். “போதும். இந்த அடாப்டர் சூடாகுது, இதை நம்பி மணிக்கணக்கா ஓட்டக் கூடாது. நல்ல மிஷின்ல மாட்டி, புது டிஸ்க் ஒண்ணுல எல்லாத்தையும் எடுத்துருங்க. எடுத்ததும் இதை ஓரம் கட்டிருங்க. இன்னொண்ணும் சொல்லுதேன் அக்கா. இப்ப இந்த வாசல்ல காவல் இல்ல. இன்னொரு தடவை தப்பான கரண்டு வந்துச்சுன்னா மறிக்க ஆள் கிடையாது. நேரா வீட்டுக்குள்ளதான்.”

வருகிற வழியிலேயே செல்வராணி ஒரு புது டிஸ்க் வாங்கினாள். என்னைக் கடையில் இறக்கிவிட்டு, டப்பாவையும் பையையும் தானே வாங்கிக்கொண்டு போனாள். அவ்வளவுதான், இனி வேறு ஆளைக் கூப்பிடுவாள் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டால் நியாயம். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நல்ல பையன்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை கடித்த செருப்பை யார் மறுபடி காலில் மாட்டுவார்கள்? மறுநாள் காலையில் போன் வந்தது. “என்ன அண்ணாச்சி, இன்னும் கிளம்பலையா? செவ்வாய்க்கிழமை ஆயிருச்சு, எனக்கு வெள்ளிக்கிழமை வாக்கு.”

போகிறபோது வெறும் வெட்டுக்கத்தியோடுதான் போனேன். முதல் வேலையாக என்னுடைய கட்டை நானே வெட்டினேன், பதின்மூன்று முடிச்சையும். பழைய கேபிள் ஒன்றுவிடாமல் உருவி, பழைய பெட்டியோடு சேர்த்துக் கட்டி, துணிப்பையில் போட்டு மூட்டையாக்கினேன். எந்தப் பெட்டியோடு எது பிறந்ததோ அது அதோடுதான் போக வேண்டும். பாதி மாற்றினேன், பாதி விட்டேன் என்கிற பேச்சே கூடாது. நீங்கள் எத்தனை அழகாகக் கட்டியிருந்தாலும் சரிதான். அழகு நம் கண்ணுக்கு, கரண்டுக்குக் கண் கிடையாது.

முடிவு உங்களுக்குத் தெரிய வேண்டும், இல்லையென்றால் தூங்கமாட்டீர்கள். வெள்ளிக்கிழமை வீடியோ போய்ச் சேர்ந்தது. மகன் பையைக்கூடக் கீழே வைக்காமல் பார்த்தானாம். ரசத்துக்குச் சத்தம் போடுகிற இடம் வந்ததும் அந்தப் பெரியவர் நல்ல கையைத் தூக்கித் திரையைக் காட்டினாராம். பேச்சு ஒன்றும் வந்துவிடவில்லை. “ஆனா சிரிச்சாவ தாயி, ரொம்ப நாளைக்குப் பொறவு சிரிச்சாவ” என்று அந்த அம்மா போனில் சொன்னதைச் செல்வராணி எனக்குச் சொன்னாள்.

இதெல்லாம் வெள்ளிக்கிழமை. நான் முதலில் சொல்ல வந்தது செவ்வாய்க்கிழமை.

புதுப் பெட்டியில் புதுக் கேபிள்களை மட்டும் மாட்டினேன். அதில் ஒரே கேபிளில் ரெண்டு டிஸ்கையும் மாட்டினேன். ஒன்று காவல் இல்லாத பழைய டிஸ்க், இன்னொன்று காலியான புது டிஸ்க். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துவிட்டால் முடிந்தது. செல்வராணி பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எல்லாக் கேபிளும் இந்தப் பெட்டியோட வந்ததுதானே அண்ணாச்சி?”

“ஆமாம்மா. ஒவ்வொண்ணா உறையைப் பிரிச்சு எடுத்தேன், நீயும் பாத்தே. இதுக்கு மேல என்ன செய்ய? நம்பு” என்று சொல்லிக்கொண்டே சுவிட்சில் விரலை வைத்தேன்.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். நம்பாமலா உங்களையே திருப்பிக் கூப்பிட்டேன், நம்புதேன், ஆனா செத்த பொறுங்க என்று.

சொல்லிவிட்டுக் குனிந்தாள். பழைய டிஸ்கில் நான் மாட்டியிருந்த ரெண்டு வயரையும் பிள்ளையின் காதிலிருந்து கம்மல் கழற்றுகிற மாதிரி பதமாக உருவினாள். டிஸ்கை வெளியே எடுத்தாள். புது டிஸ்கை மட்டும் மாட்டினபடியே விட்டுவிட்டு, “இதுல ஒண்ணும் இல்ல. முதல்ல இது ஓடட்டும்” என்றாள். பழையதைத் துணியில் சுற்றி, பால்கோவா டப்பாவில் வைத்து மூடி, டப்பாவை மடியில் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவிட்சைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.